போத்தலின் அடியில் இருந்த நித்திரை

மருந்தறையின் சிறிய ஜன்னலுக்குப் பின்னால் புதிதாக வந்து நிற்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். எதை எதோடு கலக்கக் கூடாது என்பதைப் படித்துத் தேறித்தான் வந்திருப்பீர்கள். அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. நானும் படித்துத் தேறியவன்தான். படித்தது எனக்கு நினைவு வந்த நேரம் காலை பத்து மணி. வந்திருக்க வேண்டிய நேரம் அதற்குப் பதினான்கு நாள் முந்தியது.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன். மழை பெய்த நேரம், கடல் வாடைக்குத் திரும்பிய நாள், மருந்து லொறி வராத வாரம், வாசித்த புத்தகம் எல்லாம் அதில் இருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் திகதியும் ஒரே ஒரு சொல்லும் இருக்கின்றன. 1979 ஓகஸ்ட், நோன்பு இருபத்தேழு. சொல்: ‘போத்தல்’. மிச்சத்தை அன்று என்னால் எழுத முடியவில்லை.

அதற்கு முன் நித்திரை மருந்துகளைப் பற்றி ஒரு விஷயம். காய்ச்சல் மருந்து வேலை செய்தால் உடம்பு ஆறும், அளவு பிசகினால் வேறு கோளாறு காட்டும். வயிற்று மருந்தும் அப்படித்தான். நித்திரை மருந்து வேலை செய்தால் ஆள் அசையாமல் கிடப்பார். அளவு மிஞ்சினாலும் ஆள் அசையாமல் கிடப்பார். கதவடியில் நின்று பார்க்கும் வீட்டாருக்கு இரண்டும் ஒரே காட்சி. முதலாவதைப் பார்த்துச் சந்தோசப்படும் அதே முகத்தோடுதான் இரண்டாவதையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவார்கள், சத்தம் கேட்டு எழும்பிவிடக் கூடாதே என்று.

1978 நவம்பர் புயல் எங்கள் கரையை என்ன செய்தது என்று உங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லாத ஒன்றை மருந்தறைக்காரன் நான் சொல்கிறேன். அதற்கடுத்த ஒரு வருடம் ஊரில் பாதிப் பேர் நித்திரை கொள்ளவில்லை. சாய்ந்தமருதிலிருந்தும் அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தும் வருகிறவர்கள் தலையிடி என்பார்கள், நெஞ்சு படபடப்பு என்பார்கள். டொக்டர் விசாரித்தால் கடைசியில் காற்றில் வந்து நிற்கும். ஓலை சரசரத்தால் எழும்பி உட்காருகிறார்கள். காற்று முழுதாக நின்றுபோனால் அதைவிடப் பயப்படுகிறார்கள், ஏனென்றால் அன்றும் முதலில் அப்படித்தான் நின்றது.

நான் அப்போது கடலோரத்தில் ஒரு சின்ன அரச வைத்தியசாலையில் மருந்து கலவையாளன். வைத்தியசாலையின் பெயர் வேண்டாம். நோயாளிகளின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் பாத்துமுத்து. ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஈர்க்குப் போல மெலிந்த உடம்பு. மகள் றகுமாவோடும் மருமகன் ஆதம்பாவாவோடும் இருந்தார். புயலன்று ஓடு பறக்கத் தொடங்குமுன் விழித்துக்கொண்டு, வீட்டார் எல்லாரையும் அடித்து எழுப்பிப் பள்ளிவாசலுக்கு ஓட்டியவர் அவர்தான். பத்து நிமிடம் கழித்து அந்த அறையின் சுவர் பாய்களின் மேல் விழுந்தது. அன்றிலிருந்து அவர் படுப்பதில்லை.

“நான் படுத்தா ஆரு மகன் எல்லாரையும் எழுப்புற?” என்று என் ஜன்னலடியில் நின்று கேட்டார். பகிடியாகக் கேட்கவில்லை. பதில் வேண்டிக் கேட்டார்.

டொக்டர் அவருக்குப் பீனோபாபிட்டோன் எழுதினார். அந்நாட்களில் வலிப்புக்கும் மனப் பதட்டத்துக்கும் நித்திரையின்மைக்கும் அதுதான் கைக்கெட்டிய மருந்து. கசப்பானது. உடம்பை விட்டு மிக மெதுவாகப் போவது. இன்று குடித்ததில் ஒரு பங்கு அடுத்த வாரமும் இரத்தத்தில் இருக்கும். அதன் உப்பை நீரில் கரைத்துப் போத்தலில் கொடுப்போம். வைத்தியசாலையில் போத்தல் இல்லாத காலம். நோயாளிகளே கொண்டுவருவார்கள்.

நோன்பு பிறக்க முதல் நாள் பாத்துமுத்து ஒரு பெரிய சர்பத் போத்தலோடு வந்தார்.

“முழு நோன்புக்கும் சேத்துத் தாங்க மகன். நோன்போட இந்த வெயிலுக்குள்ள கிழமைக்கு ஒருக்கா நடக்க ஏலாது.”

“ஒரு கிழமைக்குத்தான் குடுக்கலாம் சாச்சி. சட்டம்.”

“சட்டம் போட்டவர் நோன்பு புடிக்காரா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் போத்தலை நிரப்பினேன். அது இரக்கம் என்று நினைத்தேன். டொக்டரின் துண்டைப் பார்த்து ‘ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு ஒரு கரண்டி’ என்று கடுதாசியில் எழுதி ஒட்டினேன். தெளிந்த கரைசல் என்பதால் ‘குலுக்கிக் குடிக்கவும்’ என்று எழுதவில்லை.

நோன்பு பிடிக்கிறவரின் மூன்று வேளை எது? காலை, பகல், இரவு அல்ல. நோன்பு திறக்கும்போது ஒன்று, இரவின் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு ஒன்று, விடியுமுன் உண்ணும் ஸஹருக்கு ஒன்று. இருபத்துநான்கு மணிநேரத்துக்கான மருந்து பத்து மணிநேரத்துக்குள் போகும். இது எனக்குத் தெரியாததல்ல. அதே மாதம் என் வயிற்றெரிவு மருந்தை நானும் அப்படித்தான் குடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது மட்டும் நான் நோன்பாளி என்பது எனக்கு மறந்துபோயிருக்கிறது.

நோன்பு பதின்மூன்றில் பாத்துமுத்து மீண்டும் வந்தார். வெயிலில் நடந்து வந்திருந்தார். உதடு வெடித்திருந்தது.

“மகன், முதல் நாலஞ்சு நாள் நல்லாப் புடிச்சிது. இப்ப ஒண்டுமில்ல. ராவு முழுக்க முழிப்பு. நீங்க தண்ணிய அடைச்சுத் தந்தயா?”

“மருந்தும் நோன்பு புடிக்கி போல சாச்சி” என்றேன். வரிசையில் நின்றவர்கள் இந்த முறையும் சிரித்தார்கள். “பொறுமையாக் குடிங்க, புடிக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு வெயிலுக்குள் இறங்கினார்.

பிடித்த மருந்து பிடிக்காமல் போனது என்று ஒருவர் சொன்னால், அது எங்கே போனது என்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. அது எங்கும் போகவில்லை. போத்தலின் அடியில் இருந்தது.

இருபத்தேழாம் நாள் காலை எட்டரை மணிக்கு ஆதம்பாவா அதே சர்பத் போத்தலைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தான். முந்திய இரவு லைலத்துல் கத்ர். ஊர் முழுக்கப் பள்ளியில் விழித்திருந்த இரவு. அவன் கண்கள் சிவந்திருந்தன, ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

“காக்கா, இதுலயே இன்னொரு போத்தல் தாங்க. மாமிக்குக் கடைசியாப் புடிச்சிட்டு! புயலுக்குப் பிறகு அவ இப்பிடி அடிச்சுப் போட்ட மாதிரி நித்திரை கொண்டு நாங்க இண்டைக்குத்தான் கண்ட. ஊரெல்லாம் முழிச்சிருந்த ராவுல மாமி மட்டும் குறட்டை. ஸஹருக்கு ரெண்டு பேர் புடிச்சு இருத்தித்தான் மருந்து பருக்கின. இன்னும் எழும்பல்ல. றகுமா கதவச் சாத்திட்டுக் காவல் இரிக்கா, புள்ளையள் சத்தம் போடாம.”

“இனி ஒங்களுக்கும் நித்திரை” என்றேன்.

“ஓம் காக்கா. ராவைக்குப் பத்துத் தரம் என்ட தலைமாட்டுல வந்து நிண்டு கூரை ஓட்டப் பாக்கிற ஆள். கண் முழிச்சா வெள்ளப் புடவையோட ஒரு உருவம் நிக்கும். நான் எத்தின நாள் கலிமா சொல்லியிருக்கன் தெரியுமா?”

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டான்.

வரிசை நீளமாக இருந்தது. போத்தலை அலசுவதற்காக வெளிச்சத்தில் தூக்கியபோது அடியில் வெள்ளையாக ஒரு மெல்லிய படிவு ஒட்டியிருக்கக் கண்டேன். சேறு காய்ந்தது போல, மாவு போல. விரலில் தொட்டால் மினுங்கியது. வாயை முகர்ந்தேன். புளிப்பான தேசிக்காய் மணம். கசப்புக்காக யாரோ தேசிக்காய் பிழிந்து விட்டிருக்கிறார்கள். அந்த உப்பு காரமான நீரில்தான் கரைந்திருக்கும். புளிப்பு விழுந்தால் மருந்து தூளாகி அடியில் இறங்கிவிடும். பாடப்புத்தகத்தில் வலப்பக்கத்தின் கீழே ஒரு வரி அது. ஆக, மேலிருந்த தண்ணீரைத்தான் இந்த மனுசி மூன்று கிழமையாகக் குடித்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆதம்பாவா வரும்போது சொல்ல வேண்டும் என்றும் நினைத்தேன்.

பிறகு போத்தலை ஓரமாக வைத்துவிட்டு வரிசையைப் பார்க்கத் தொடங்கினேன்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மருந்து அடியில் இறங்கியது தெரியும். அடியில் இப்போது ஒட்டிய மிச்சம் மட்டுமே இருப்பது தெரியும். அவர் இன்னும் எழும்பவில்லை என்பதும் தெரியும். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடத்தை நான் பதினேழு பேருக்குக் காய்ச்சல் மருந்து கட்டிக் கொடுப்பதில் செலவழித்தேன். பதினேழு என்பது பிறகு பதிவைப் பார்த்து எண்ணியது.

பத்து மணிக்குப் பள்ளியின் ஒலிபெருக்கி கரகரத்தது. ஆதம்பாவாவின் மாமியார் பாத்துமுத்து மௌத்தாகிவிட்டார், ஜனாஸா லுஹர் தொழுகையோடு நல்லடக்கம் செய்யப்படும் என்று பாங்கு சொல்லும் மோதினார் இரண்டு தரம் சொன்னார்.

போத்தல் என் முழங்கையருகில் இருந்தது. மூடி கழற்றி, நிரப்பக் கொடுத்தபடி.

டொக்டர் தூரத்து ஊர்க் கிளினிக் ஒன்றுக்கு ஜீப்பில் போயிருந்தார். வரப் பிற்பகல் இரண்டு மணியாகும். அவருக்கு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டு, போத்தலைப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். நோன்பு காலத்துப் பகல் தெரு எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தேநீர்க் கடைகளின் பலகை பூட்டியிருந்தது. இருபத்தேழாம் இரவு விழித்த ஊர், வெயிலுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நித்திரை கொண்டது. ஒவ்வொரு வேலியையும் தாண்டும்போது எனக்கு ஒரே எண்ணம். உள்ளே அசையாமல் கிடக்கிறவர்களில் யார் யார் என் மருந்து குடித்தவர்கள்?

வளவுக்குள் கதிரைகள் போட்டு ஆண்கள் இருந்தார்கள். கிணற்றடியில் வெள்ளைத் துப்பட்டிகளைச் சுற்றிக் கட்டி மறைப்பு எழுப்பியிருந்தார்கள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மாமரத்தின் கீழே மையித்தைத் தூக்கும் சந்தூக்கு, மூடியில்லாமல்.

பள்ளிவாசல் பொறுப்பாளர் மரைக்கார் என் கையைப் பிடித்தார். “வாங்க தம்பி. நல்ல மௌத்து. இருபத்தேழாம் ராவு, நோன்போட, நித்திரையில. ஆருக்குக் கிடைக்கும்?”

“டொக்டர் ஆரும் பாத்தாங்களா?”

“என்னத்துக்கு? மூச்சில்ல. நானும் பாத்தன், மோதினாரும் பாத்தாரு. கபுர் வெட்டி முடியப் போகுது.”

“கொஞ்சம் பிந்தினா...”

“மையித்தப் பிந்தப் போடுறதா? ஒங்களுக்குத் தெரியாதா தம்பி?”

தெரியும். இறந்தவரைக் காக்க வைக்கக் கூடாது என்பது நான் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. ஒரு நல்ல மௌத்தைக் கலைக்கிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்றும் தெரியும். அங்கே எனக்கு இரண்டு வழி இருந்தது. டொக்டர் பார்க்க வேண்டுமாம் என்று பொய் சொல்லி, யாரையோ முன்னால் நிறுத்தி நேரம் கேட்கலாம். அதை மரைக்கார் ஒரு சொல்லில் தட்டிவிடுவார். மற்ற வழிக்கு மரைக்காரிடம் பதிலிருக்காது. அது உண்மை.

“அவ குடிச்சது நான் கலக்கித் தந்த மருந்து” என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி. “அளவு கூடிப் போயிருக்கு. அளவு கூடினா மௌத்துப் போலவே கிடக்கும். மௌத்து இல்லாமலும் இருக்கலாம்.”

ஆதம்பாவா கதிரையிலிருந்து எழும்பினான். அவனுக்குப் பின்னால் இருந்த ஒரு சொந்தக்காரர் கத்தினார்: “மருந்து குடுத்து மௌத்தாக்கிப் போட்டுட்டு இப்ப உயிர் குடுக்க வந்தயா?”

மறைப்புக்குள் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அங்கே உள்ளே இருந்தவர், எங்கள் பக்கத்தில் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டும் ஒரு பெண். ஊரில் எல்லாரும் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. அந்நியப் பெண்ணின் உடம்பு கிடக்கும் இடத்துக்குள் நான் போக முடியாது, போக நினைக்கவுமில்லை. துப்பட்டிக்கு வெளியே நின்று கூப்பிட்டேன்.

“ராத்தா, விரல் மடங்குதா?”

“மடங்குது தம்பி.” உடனே பதில் வந்தது, கேட்பதற்காகக் காத்திருந்தது போல. “நாடியும் இறுகல்ல, தாடை தொங்கப் பாக்குது. நான் கட்டின கட்டுத்தான் புடிச்சிக்கிட்டிரிக்கி.”

“முதுகு?”

புரட்டும் சத்தம். “வெள்ளையா இரிக்கி. ரத்தம் இறங்கின கண்டல் ஒண்டுமில்ல. இந்த நேரத்துக்குக் கண்டியிருக்கணும்.”

“வேற?”

“குதிக்கால்லயும் கரண்டையிலயும் கொப்பளம் தம்பி. சுட்டது மாதிரி, தண்ணி நிண்டு. மையித்துல நான் இப்பிடிக் கண்டதில்ல.”

அந்த வகை மருந்து மிஞ்சி மயங்கிக் கிடப்பவர்களின் உடம்பு தரையில் அழுந்தும் இடங்களில் கொப்புளம் எழும் என்று நான் ஒரு பழைய வைத்திய நூலில் வாசித்திருந்தேன். வாசித்தபோது அதை நம்பவில்லை.

“ஏன் ராத்தா சொல்லல்ல?”

“நான் ஆருக்குச் சொல்ற? எல்லாரும் சந்தோசமா அழுறாங்க.”

பைக்குள்ளிருந்து போத்தலை எடுத்தேன். என்னிடம் வேறு கண்ணாடி இருக்கவில்லை. “இத நல்லாக் கழுவி, கிணத்துத் தண்ணிக்குள்ள தாட்டு வைங்க. குளிர்ந்த பிறகு துடைச்சிட்டு, அடிப்பக்கத்த மூக்குக்குக் கிட்ட புடிங்க. மூச்சிருந்தா ஆவி படியும். நான் சொல்லுமட்டும் எடுக்காதீங்க.”

துப்பட்டிக்குக் கீழால் ஒரு கை வந்து போத்தலை வாங்கிக்கொண்டது.

காத்திருந்தோம். மாமரத்தில் ஒரு காகம்கூட இல்லை. மரைக்காரின் தஸ்பீஹ் மணி ஒவ்வொன்றாக உருண்டது, பிறகு அதுவும் நின்றது. றகுமா வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தாள். வாயில் முந்தானையைத் திணித்திருந்தாள். காற்று முழுதாக விழுந்துபோயிருந்தது. புயலுக்கு முன் இருந்தது போன்ற அந்த அமைதியில், அங்கிருந்த அத்தனை பேரும் ஒரு போத்தலுக்குச் செவி கொடுத்தோம்.

“ஒண்டுமில்ல தம்பி” என்றார் ராத்தா.

“புடிங்க.”

நான் மனதுக்குள் எண்ணினேன். இருபது. இருபத்தைந்து.

“ஒண்டும்...” என்று தொடங்கிய குரல் அறுந்தது. “தம்பி. போத்தல்ல பூ விழுகுது. வெள்ளையா... போயிட்டு. இல்ல, திரும்ப வருது. எண்ட றப்பே!”

அதன்பின் நடந்தது எல்லாம் ஓட்டம். ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னேன், ஈரத்தைத் துடைத்துப் போர்த்தச் சொன்னேன். தாடையைச் சேர்த்துக் கட்டிய நாடிக்கட்டை அவிழ்க்க வேண்டாம் என்று ராத்தாவே முடிவெடுத்தார். நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்காமல் காலையிலிருந்து காத்தது அந்தக் கட்டாக இருக்கலாம் என்று டொக்டர் பிறகு சொன்னார். வாகனம் இல்லை. வளவில் இருந்தது சந்தூக்கு ஒன்றுதான். அதில் வைத்து எட்டுப் பேர் தூக்கினார்கள்.

அடக்கம் செய்யும் மையவாடி தெற்கே. வைத்தியசாலை வடக்கே. நடு வெயிலில் சந்தூக்கு வடக்கே ஓடியது. வேலிகளுக்குள் சத்தம் கேட்டு விழித்தவர்கள் வாசல் கடப்படிக்கு வந்து, தலையை மூடிக்கொண்டு, ‘இன்னா லில்லாஹி’ என்றார்கள். ஒருவருக்கும் மறுமொழி சொல்ல எங்களுக்கு மூச்சில்லை. உயிருள்ள ஒரு பெண்ணுக்கு ஒரு தெரு முழுக்க எழும்பி நின்று மரணத்தின் வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஏன் ஜனாஸா பிழையான திசையில் போகிறது என்று கேட்டு ஒரு வயோதிபர் எங்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவந்தார்.

டொக்டர் பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தார். மூன்று நாள் அவர் வீட்டுக்குப் போகவில்லை.

றகுமா அந்த மூன்று நாளும் நோயாளர் வாட்டின் வாசலில் இருந்தாள். தேசிக்காய் பிழிந்தது அவள்தான். உம்மா கசக்கிறது என்று முகம் சுளித்ததால், நோன்பு திறக்கச் சர்பத்துக்கு வாங்கிய தேசிக்காயில் இரண்டைப் போத்தலுக்குள் பிழிந்திருக்கிறாள். கடைசி இரவு, மருந்து வீணாகக் கூடாது என்று அடியில் தண்ணீர் விட்டுக் குலுக்கி, மூன்று வேளைக்கும் அதைத்தான் கொடுத்திருக்கிறாள். சாதாரண மாதமாக இருந்தால் காலை வேளையோடு தாய் மயங்கியிருப்பார், பகல் வேளையை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். நோன்பு இரவில் மூன்றும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போயின.

இரண்டாம் நாள் நான் நடந்ததை எழுதி டொக்டரிடம் கொடுத்தேன். அதிகம் பேசாத மனிதர். வாசித்துவிட்டு மேசையில் வைத்தார்.

“தேசிக்காயை முதல் வரியில போட்டிருக்கிறீர். உம்மைக் கடைசி வரியில போட்டிருக்கிறீர்.”

நான் அந்தக் கடைசி வரியைப் பார்த்தேன்.

“தேசிக்காய் கூடாது எண்டு அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய ஆள் ஆர்?”

“நான் சேர்.”

“அந்த மனுசி நடுவில வந்து மருந்து பிடிக்கேல்ல எண்டு சொன்னவவாம். மகள் சொல்லுது. இதில அதைக் காணேல்ல. கொண்டுபோய்த் திரும்ப எழுதும்.”

திரும்ப எழுதினேன். ‘மருந்தும் நோன்பு பிடிக்கிறது போல’ என்று நான் சொன்ன பகிடியையும் எழுதினேன். அதற்கு எனக்குக் கிடைத்த எச்சரிக்கைக் கடிதம் நாட்குறிப்புக்குள் இன்னும் இருக்கிறது.

பெருநாள் காலை, பள்ளியில் தக்பீர் சொல்லிக்கொண்டிருந்தபோது பாத்துமுத்து கண் திறந்தார். றகுமா குனிந்து “உம்மா” என்றாள். அவர் மகளைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தார்.

“காத்து நிண்டிட்டா?” என்று கேட்டார்.

அந்தக் கபுரை அன்று மாலையே மூடிவிட்டதாகச் சொன்னார்கள். மேலே வைத்த மண் மழைக்கு இறங்கி ஆளின் நீளத்துக்கு ஒரு பள்ளம் விழுந்து கிடந்தது. பாத்துமுத்து அந்த வழியாகப் போகும்போது ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை என்று ஆதம்பாவா சொல்லியிருக்கிறான். மருந்து எதையும் அவர் பிறகு வாயில் வைக்கவில்லை. இரவுகளில் பழையபடி கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் ஒருவரும் அவரைப் படுக்கச் சொல்லவில்லை.

1988இல் நான் வேறொரு வைத்தியசாலையில் இருந்தேன். ஊரடங்கும் சுற்றிவளைப்புமாக இருந்த காலம். ஒரு நாள் முற்பகலில் ஆதம்பாவா சைக்கிளில் வந்து இறங்கினான். தாடியில் நரை விழுந்திருந்தது.

“காக்கா, மாமி மௌத்தாகிட்டா. அப்பிடித்தான் நினைக்கம்.”

“டொக்டர் பாத்தாரா?”

“பாத்து எழுதியும் தந்திட்டார். றகுமாக்கு அது போதாதாம். நீங்க வந்து சொல்லாம ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த உடமாட்டாளாம். மறைப்புக்குள்ள உம்மாட கையப் புடிச்சிக்கிட்டு இரிக்கா.”

சர்பத் போத்தல் என்னிடம்தான் இருந்தது. இடமாற்றம் கிடைத்த இடமெல்லாம் கொண்டு போய் என் மேசையில் வைத்திருந்தேன். பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அதே கிணற்றடி, அதே போல வெள்ளைத் துப்பட்டிகள். துப்பட்டிக்குக் கீழால் வந்த கை ராத்தாவுடையது. தோல் சுருங்கியிருந்தது. நான் எதுவும் சொல்லாமலே கழுவி, கிணற்றுத் தண்ணீரில் தாட்டு, துடைத்துப் பிடித்தார்.

“ஒண்டுமில்ல தம்பி.”

“புடிங்க.”

இருபது. ஐம்பது. நூறு. வளவில் மரைக்கார் மணிக்கூட்டைப் பார்த்தார். நாலு மணிக்கு ஊரடங்கு.

“நாடி?” என்றேன்.

“இறுகிட்டு.”

“முதுகு?”

“கண்டிட்டு தம்பி.”

“இன்னொருக்காப் புடிங்க ராத்தா.”

பிடித்தார். மூன்றாம் முறையும் பிடித்தார். டொக்டரின் கையெழுத்து இருந்தது, நாடி இறுகியிருந்தது, முதுகு கண்டியிருந்தது. ஆனாலும் என் வாயிலிருந்து சொல் வரவில்லை. ஒருமுறை இந்த உடம்பைக் கபுரின் வாசல்வரை அனுப்பிய வாய் அது.

போத்தல் துப்பட்டிக்குக் கீழால் திரும்பி வந்தது. உள்ளேயிருந்து றகுமாவின் குரல் கேட்டது, மெதுவாக.

“காக்கா, ஒங்கட வாயால சொல்லுங்க. நான் கைய எடுக்கன்.”

“ஓம் தங்கச்சி” என்றேன். “மௌத்துதான்.”

மறைப்புக்குள் முதல் வாளித் தண்ணீர் விழுந்தது.

நான் போத்தலை வெயிலுக்கு எதிரே தூக்கினேன். ஆவி இல்லை. கண்ணாடி காய்ந்து தெளிவாக இருந்தது. அடியையும் பார்த்தேன்.